கடிக்கிற வண்டி

எழுபதுகளின் பிற்பகுதியில் மூன்று வருடங்கள் நான் ஒரு வண்டிக்குள் குடியிருந்தேன். தொழுநோய்ப் பிரிவில் நர்ஸ் வேலை. சேரப்பணஞ்சேரிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் என்னைப் போட்டிருந்தார்கள். அந்த வேலைக்கு வந்தவளுக்கு வீடு கொடுக்க அங்கே யாரும் தயாராக இல்லை. பெரிய குடும்பம், சின்னப் பிள்ளைகள், கிணறு பொது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நான்காவது வீட்டோடு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் தொழுநோய் நிலையத்தின் பின்பக்கம் கிடந்த அந்த வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தரிசில் நிறுத்தினார்கள். ஒரு வெளிநாட்டு டாக்டரும் அவர் மனைவியும் ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அதிலேயே படுத்து, அதிலேயே வைத்தியம் பார்த்த வண்டி. வெளியே அலுமினியத் தகடு. உள்ளே மடக்கினால் பெஞ்சாகிற கட்டில், கை கழுவும் தொட்டி, மருந்து அலமாரி, ஒரு விளக்கு, ஒரு விசிறி, ஊசிகளைக் கொதிக்கவைக்க ஒரு மின்சாரப் பாத்திரம். டயர் நான்கும் நின்றபடியே நைந்துபோயிருந்தன. ஏறுவதற்கு ஒரு மரப்பெட்டி, பிடித்துக்கொள்ளக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. தரிசுக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர். ஐம்பதடி தள்ளியிருந்த தன் மோட்டார் கொட்டகையிலிருந்து வண்டிக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்தார்.

நான் நாகர்கோவில் பக்கம். வயது முப்பத்தொன்று. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை விட்டுவிட்டிருந்தார்கள். அண்ணனிடமிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு கார்டு வரும். செவ்வாய்க்கிழமைகளில் பழைய நோயாளிகள் பதினைந்து இருபது பேர் மாத்திரைக்கு வருவார்கள். மற்ற ஆறு நாளும் என்னோடு பேச ஒரே ஒரு ஆள்தான். பால் கொண்டுவருகிற அக்கா.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். காலையில் சொம்போடு வந்து நிற்பாள். வண்டிக்குள் ஏறமாட்டாள். தரையில் நின்றபடி வலது கையால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சொம்பை நீட்டுவாள். நான் பாலை ஊற்றிக்கொண்டு சொம்பைக் கழுவிக் கொடுத்த பிறகும் போகமாட்டாள். கால் மணி நேரமாவது பேச்சு ஓடும்.

"இன்னா நர்சம்மா, நாஸ்தா துன்னியா?"

"இன்னும் இல்லக்கா. இனிமேத்தான் வைக்கணும்."

"நீ பேசறது பாட்டு மாறியே கீது போ."

என் பேச்சு அவளுக்கு விளையாட்டு. 'அங்கன', 'இங்கன' என்று நான் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் புருஷன் செங்கல் சூளைக்குப் போகிறவர். பதினேழு வயதில் ஒரு பெண், காஞ்சிபுரம் பக்கத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் தலைமுடி, சமையல், கோபம் எல்லாம் எனக்குத் தெரியும்; பெண்ணை நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தபோது, இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவந்தவள் அவள்தான். அப்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேதான் நின்றாள். அவள் போன பிறகு வண்டிக்குள் விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். சில நாட்கள் மறுநாள் காலை வரை என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பரிசோதித்து, சந்தேகப்படும்படி தேமல் இருந்தால், தாயாரோடு வண்டிக்கு வரச்சொல்லிச் சீட்டு கொடுப்பேன். சிலர் வந்தார்கள். வந்தவர்கள் கம்பியைத் தொட்டவுடன் கையை உதறிக்கொண்டு பின்னால் போவார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனாள். கொஞ்ச நாளில் யாரும் வருவது நின்றுபோனது. காரணம் கேட்டபோது பால்கார அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வண்டி கடிக்குதுன்றாங்க நர்சம்மா. வியாதிக்காரங்க தொட்ட கம்பியாம். தொட்டா வியாதி சுர்ருனு கைல ஏறுதாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. நோயைப் பற்றி மக்களுக்கு இருக்கிற பயத்தைப் போக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். பயம் எப்படியெல்லாம் கதை கட்டும் என்று எங்களுக்கு வகுப்பே எடுத்திருந்தார்கள். இதுவும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் தினமும் எத்தனையோ தடவை அந்தக் கம்பியைப் பிடித்து ஏறி இறங்குகிறேன். செவ்வாய்க்கிழமை நோயாளிகள் இருபது பேர் பிடித்து ஏறுகிறார்கள். அவர்களில் ஒரு தாத்தாவிடம் கேட்டேன்.

"எங்கள இது ஒண்ணும் பண்றதில்லம்மா" என்றார் சிரித்துக்கொண்டே. "மத்தவங்களத்தான் கடிக்குதாம்."

அந்தச் சொல்லின் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காலை, நாற்று நடப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேரை வழிமறித்து நிறுத்தினேன். பால்கார அக்கா அப்போதுதான் வந்திருந்தாள். அவள் வலது கையைப் பிடித்துக் கம்பியில் வைத்து, மேலே என் கையையும் வைத்து அழுத்தினேன்.

"பாருங்க. இந்த அக்கா தினமும் இதைப் பிடிக்கிறாங்க. இவங்கள என்ன கடிச்சிது? சொல்லுங்கக்கா."

"எனக்கு ஒண்ணும் பண்லியே" என்றாள் அக்கா, பெருமையாக.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு, கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் என் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. அதுவரை நான் செருப்பில்லாமல் வண்டியை விட்டு இறங்கியதே இல்லை. அன்றைக்கு வெறுங்காலோடு இறங்கி, கை கழுவும் தொட்டித் தண்ணீர் விழுந்து எப்போதும் சேறாகக் கிடக்கும் அந்த இடத்தில் நின்றுகொண்டு, கதவைச் சாத்தக் கம்பியைப் பிடித்தேன். விரலிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஒன்று ஏறியது. கை தானாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வலியைவிட வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கேயே செத்துக் கிடந்தாலும் நாளைக் காலை பால் வரும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்குப் பிறகுதான் அந்தத் தாய்மார்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வெறுங்காலோடு வந்தவர்களுக்கு ஷாக் அடித்திருக்கிறது. நான் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று அவர்களுக்கு அறிவு புகட்டியிருக்கிறேன்.

படப்பையிலிருந்து ஒரு வயர்மேன் சைக்கிளில் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஊசி கொதிக்கவைக்கிற பாத்திரத்தின் மேல் டெஸ்டரை வைத்ததும் அதில் சின்ன விளக்கு எரிந்தது.

"இதாம்மா உங்க பேயி" என்றார். "உள்ள கம்பிச்சுருள் போயிடுச்சு. கரண்டு பாத்திரத்துக்கு வந்து, பாத்திரத்துலேந்து தகட்டுக்கு வருது. மூணு கால் பிளக்கை எவனோ வெட்டி ரெண்டு கால் ஆக்கி வெச்சிகிறான். அப்புறம் எப்டி எர்த் ஆவும்?"

பாத்திரத்தைக் கழற்றி வைத்தார். ஊசிகளை இனி ஸ்டவ்வில் கொதிக்கவைக்கச் சொன்னார். போகும்போது ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்: சந்தேகமாக இருந்தால் எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் கை விலகி வரும்.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் புறங்கையால் தொட்டபோது மறுபடி சுர்ரென்றது. கொட்டகையிலிருந்து வண்டிக்கு வருகிற பிளக்கையே பிடுங்கிவிட்டுத் தொட்டேன். அப்போதும் அடித்தது. படப்பைக்குப் போய் வயர்மேனிடம் சொன்னேன்.

"பிளக்கைப் புடுங்கினப்புறம் எப்டிம்மா ஷாக் அடிக்கும்? ஒரு தபா அடி வாங்கினா அப்டித்தான் இருக்கும். மனசுதான்."

மனசுதான் என்று அந்தப் பெண்களிடம் நானும் சொல்லியிருந்தேன். ஒரு டெஸ்டர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மருந்துக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒரு மணிக்கு ஒரு தடவை டெஸ்டரை வண்டித் தகட்டில் வைத்துப் பார்த்து, எரிகிறது, எரியவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். எனக்கு வேறு வேலையும் இல்லை. காலை ஆறுக்கு எரியும், எட்டுக்கு எரியும், பதினொன்றுக்கு எரியாது. மத்தியானம் மூன்றுக்கு எரியும். மறுநாள் வேறு மாதிரி இருக்கும். ஐந்தாறு நாள் நோட்டையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அது இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. மோட்டார் கொட்டகையில் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.

போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குள் மோட்டாரின் அடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பி கிளம்பி எர்த் குழிக்குப் போனது. அதே கம்பியிலிருந்து இன்னொன்று பிரிந்து, புல்லுக்குள் மறைந்து, நேராக என் வண்டியின் அடிச்சட்டத்தில் வந்து முடிந்தது. வண்டிக்கும் எர்த் வேண்டுமென்று யாரோ நல்ல எண்ணத்தில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் குழியில் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. மோட்டாரில் கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போக வழியில்லாமல் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வண்டி ரப்பர் டயரில் நின்றதால் அங்கிருந்தும் அது போக இடமில்லை. யாராவது வெறுங்காலோடு வந்து தொடும்வரை காத்திருந்தது.

எனக்கு அத்தனை சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு ஒருத்திதான் இருந்தாள். மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே, வெறுங்காலோடு கீழே இறங்கி நின்றுகொண்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வந்தாள், வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொம்பை நீட்டினாள். நான் கதையை ஆரம்பித்து, காட்டுவதற்காகப் புறங்கையால் கம்பியைத் தொட்டு, "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டேன்.

"இன்னா ஆச்சு?"

"ஷாக் அடிக்குல்லா. மோட்டார் ஓடுதுல்லா."

"எங்க?"

அவளுடைய வலது கை அந்தக் கம்பியின் மேலேயே இருந்தது. அவள் நின்றிருந்ததும் அதே சேற்றில்தான். செருப்பில்லாத கால்.

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாளோ, சொம்பைப் படியில் வைத்துவிட்டு இடது கையால் கம்பியைத் தொட்டாள். "யம்மாடி!" என்று துள்ளிப் பின்னால் போனாள். அப்புறம் சிரித்தாள். பிறகு, என் முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளை வண்டிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சைத் திரித்து அவள் வலது உள்ளங்கையில் தொட்டேன். தொட்ட இடத்தை மற்ற கை விரலால் காட்ட வேண்டும். கட்டைவிரல் பக்கம் சரியாகக் காட்டினாள். சுண்டுவிரல், மோதிர விரல், அந்தப் பக்கத்து உள்ளங்கை, எதிலும் விரல் வரவில்லை. "தொடு நர்சம்மா, இன்னும் தொடலியே" என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். தோல் வியர்வையில்லாமல் காகிதம்போல் காய்ந்திருந்தது. முழங்கைக்கு உள்பக்கம் நரம்பு கயிறாகத் தடித்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் என் கண் முன்னால் இருந்த கை. ஊரெல்லாம் தேமல் தேடி அலைந்தவளுக்கு இது தெரியவில்லை.

மறைக்காமல் சொன்னேன். ஆரம்பம்தான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் விரல் மடங்காது, குணமாகிவிடும், யாருக்கும் ஒட்டாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நோட்ல எம் பேர எழுதிடுவியா?"

"எழுதணும்க்கா. எழுதினாத்தான் மாத்திரை தர முடியும். யாருக்கும் காட்டமாட்டேன்."

"எம் பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சயம்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு பேர் முன்னால எங் கைய புட்சி அந்தக் கம்பில வெச்சியே, நர்சம்மா. வியாதி இருக்கறவங்கள வண்டி கடிக்காதுன்னு ஊரே சொல்லிகினு கீது. எனக்கு ஒண்ணும் பண்லன்னு நானே எவ்ளோ பெருமையா சொன்னேன்."

தாத்தா சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உணர்ச்சி போய்க் காய்ந்த தோலில் கரண்ட் அவ்வளவாக ஏறவும் இல்லை, ஏறியது தெரியவும் இல்லை. நான் நோய்க்கணக்கு எடுத்துக்கொண்டிருக்க, வண்டி வாசலிலேயே அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டிருந்தது. ஊர் அதைக் கவனித்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

அவள் எழுந்து போனாள். மாத்திரையை வாங்கிக்கொள்ளவில்லை. சொம்பையும் எடுத்துக்கொள்ளவில்லை.

வயர்மேனைக் கையோடு கூட்டிவந்தேன். கொட்டகையைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிக்கம்மா, நீதான் கரெக்டு" என்றார். வண்டிக்கு வந்த கம்பியை வெட்டிப் போட்டார். மோட்டாரின் எர்த்தைப் புதுக் கம்பி போட்டு இறக்கினார். வண்டிக்குத் தனியாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடி, மூன்று கால் பிளக் வைத்தார். நிலத்துக்காரர் மோட்டாரைக் கழற்றி ஸ்ரீபெரும்புதூருக்குக் காயில் கட்ட அனுப்பினார். எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. டெஸ்டரை எங்கே வைத்தாலும் எரியவில்லை. நோட்டில் அதை எழுதி முடித்தேன். சொல்வதற்கு யாரும் வரவில்லை.

அந்த வாரமே நடவுப் பெண்களை மறுபடி நிறுத்தினேன். தப்பு என்னுடையது, வண்டியில் கரண்ட் கசிந்தது உண்மை, இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்று கம்பியைப் பிடித்துக் காட்டினேன்.

அவர்களில் ஒருத்தி கேட்டாள். "அப்ப பால்காரம்மாவ மட்டும் ஏன் கடிக்கல?"

"அன்னைக்கு மோட்டார் ஓடல. ஓடாதப்போ யாருக்கும் அடிக்காது. நானும் அவங்க கை மேலதான் கை வச்சிருந்தேன், எனக்கும் ஒண்ணும் ஆகலியே" என்றேன்.

மோட்டார் ஓடியதா இல்லையா என்று அவர்களுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வேலைக்கு வந்தபின் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது. அவர்கள் ஒவ்வொருவராக வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். அடுத்த வாரம் இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் கூடிக்கொண்டே போனது.

அவள் வரவில்லை. டீக்கடையில் பால் வாங்க ஆரம்பித்தேன். அவள் வீடு எனக்குத் தெரியும். பத்து நிமிட நடை. ஆனால் போக முடியாது. அந்த ஊரில் நான் படியேறுகிற வீட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவள் தெருவழியாகப் போக நேர்ந்தால்கூட மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவள் பெண்ணுக்கு நிச்சயம் ஆனதும், கல்யாணம் ஆனதும் மேளச் சத்தத்தில்தான் தெரிந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கை என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. மாத்திரை இல்லாமல் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒருவேளை சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியிருக்கும். அடுப்பில் சுட்டுக்கொண்டுகூடத் தெரியாமல் இருக்கும்.

ஆனி மாதம் மருந்துச் சரக்கு எடுக்கச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் வரிசையைத் தாண்டிப் போகும்போது, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இடம் இருந்தது. நான் உட்காராமல், சுவரில் ஒட்டியிருந்த எதையோ படிக்கிறவள்போல நின்றேன்.

"நாலு மாசமா வரேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "ஒரு நாள்கூட மாத்திரைய வுடல."

"கை?"

முந்தானைக்குள்ளிருந்து எடுத்து மடிமேல் விரித்து வைத்தாள். ஐந்து விரலும் நேராக இருந்தன. ஒரு விரலில் பழைய தீக்காயம், ஆறிப்போனது.

"இங்கனயே வாங்கிக்கிடுங்கக்கா. அங்க வரவேண்டாம்."

"இங்க என்னை யாருக்கும் தெரியாது. அதான்." கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "நீ நாஸ்தா துன்னியா?" என்றாள்.

தின்றேன் என்று சொல்வதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் ஒரகடம் கூட்டுரோட்டில் எங்கள் ஊர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறியபோது, அவள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். மருந்துப் பெட்டி கனமாக இருந்தது. பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில், ஒரே திசையிலிருந்து வந்து இறங்கினால், அவர்கள் பார்ப்பார்கள்.

ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிக்கொண்டேன். இறங்கும்போது அவள் பக்கம் திரும்பவில்லை. பஸ் போன பிறகு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். வழியில் இரண்டு தடவை இறக்கிவைத்து உட்கார்ந்தேன். வண்டிக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று யாரோடும் பேசவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் அங்கே இருந்தேன். ஒவ்வொரு மாதமும் செங்கல்பட்டுக்குப் போகும்போது, அவள் வருகிற நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டேன். மருந்து கொடுக்கிறவரிடம் மட்டும் கேட்பேன். தவறாமல் வருகிறாள் என்பார்.